சாவி யார் கையில்?

(சங்கத்தின் பொன்விழா ஆண்டு மாணவர் பாராட்டு நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





செயலாளர் அவர்கள் என்னைத் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, மாணவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லணும்” என்றார்கள். நான் சொன்னேன்: “அண்ணன், நான் வியாபாரி. டிப்ளோமாவோடு நின்றவன். நம் சங்கத்தில் டாக்டர் இருக்கிறார், வழக்கறிஞர் இருக்கிறார். அவர்களைக் கூப்பிடுங்களேன்.” அதற்கு அவர்கள், “படிப்பைப் பற்றிப் பேச அவர்கள் இருக்கிறார்கள். நீ படிக்கிற காலத்தில் கழகம், மன்றம் என்று சுற்றினாயே, அதைப் பற்றிப் பேசு” என்றார்கள். ஆகவே சுற்றிய கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு, பயன் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

2004-ஆம் ஆண்டு நான் ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்தேன். சிங்கப்பூரில் அப்படி ஐந்து கல்லூரிகள் இருக்கின்றன. எதில் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு பெரிய கூடத்தில் மேசை மேசையாகப் போட்டு, ஒவ்வொரு மாணவர் கழகமும் ஆள் சேர்த்தது. பூப்பந்து, நாடகம், புகைப்படம், படகு என்று நாலாபுறமும் கூவிக் கூவி அழைத்தார்கள். நான் கடைத்தெருவில் வளர்ந்தவன். கூச்சல் எனக்குப் பிடித்திருந்தது.

கடைசியில் இரண்டு மேசைகளுக்கு நடுவே வந்து நின்றேன். ஒன்று முஸ்லிம் மாணவர் கழகம். சலாம் சொல்லி அன்போடு கை கொடுத்தார்கள். ஆனால் பேச்செல்லாம் மலாயில். எனக்குத் தெரிந்தது கடைத்தெரு மலாய். அதில் விலை பேசலாம். மார்க்க வகுப்பில் எழுந்து ஒரு சந்தேகம் கேட்க முடியாது. இன்னொன்று இந்தியக் கலாசார மன்றம். அங்கே சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தமிழ் பேசினார்கள். என் பெயரை எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்த ஒரு மாணவி, “நீங்க முஸ்லிமா? தமிழ் இவ்வளவு நல்லா பேசுறீங்களே!” என்றாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, தெரியாமல் கேட்டாள். இங்கே இருக்கும் மாணவர்களில், இந்தக் கேள்வியை ஒரு தடவைகூடக் கேட்காதவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். (யாரும் கை தூக்கவில்லை.) பார்த்தீர்களா, இருபது வருடத்தில் ஒன்றும் மாறவில்லை.

வீட்டுக்கு வந்து, எதில் சேரலாம் என்று அத்தாவிடம் கேட்டேன். “வகுப்பில் சேர்ந்திருக்கிறாய் அல்லவா? அது போதும். வகுப்பு முடிந்தால் நேரே கடைக்கு வா” என்றார்கள். நான் இரண்டு கழகத்திலும் சேர்ந்தேன். அத்தாவிடம் சொல்லவில்லை. அது தவறு. மாணவர்கள் அதை மட்டும் என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

நான் படித்த காலத்தில் ஒரு விசேஷம் இருந்தது. 2004-இல் தீபாவளி நவம்பர் 11, நோன்புப் பெருநாள் நவம்பர் 14. 2005-இல் தீபாவளி நவம்பர் 1, பெருநாள் நவம்பர் 3. 2006-இல் தீபாவளி அக்டோபர் 21, பெருநாள் 24. மூன்று ஆண்டும் இரண்டு பண்டிகைகளும் அடுத்தடுத்து வந்தன. நம் ஆண்டு பிறைக் கணக்கில் ஓடுவதால் ஏறத்தாழ பதினோரு நாள் குறைவு. பெருநாள் ஆண்டுக்கு ஆண்டு முன்னால் நகர்ந்துகொண்டே போகும். அது மறுபடி தீபாவளியோடு வந்து சேர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

ஆகவே, மன்றத்தின் தீபாவளிக் கலை நிகழ்ச்சிக்கு ஒத்திகை எல்லாம் நோன்பு மாதத்திலேயே நடந்தது. நான் ஆடவும் இல்லை, பாடவும் இல்லை. திரை இழுப்பது, விளக்கு, நாற்காலி, சாப்பாட்டுக் கணக்கு, இவை என் வேலை. முதல் நாள் ஒத்திகையில் மஃரிப் நேரம் நெருங்கியபோது, எப்படிச் சொல்லிவிட்டு வெளியே போவது என்று தயங்கிக்கொண்டு நின்றேன். ஏழு மணிக்குச் சற்று முன்பு திடீரென்று ஒரு கைப்பேசி மணி அடித்தது. என்னிடம் அந்தக் கேள்வி கேட்டாளே, அதே மாணவி. தன் நோக்கியாவில் மஃரிப் நேரத்துக்கு மணி வைத்திருந்தாள். “பதினைந்து நிமிஷம் எல்லாரும் நிறுத்துங்க, அவர் நோன்பு துறக்கணும்” என்றாள். அன்று முதல் மாதம் முழுக்க அந்த மணி அடித்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவளுக்கு நம்மைப் பற்றித் தெரியவில்லை என்று நான் உள்ளுக்குள் குறைபட்டிருந்தேன். அவள் கேட்டுத் தெரிந்துகொண்டாள். நானாகச் சென்று எதையும் சொல்லியிருக்கவில்லை.

இந்தப் பக்கம் முஸ்லிம் மாணவர் கழகத்திலும் ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து நோன்பு துறக்க ஏற்பாடு. ஆளுக்கொன்று கொண்டுவர வேண்டும். நான் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சும் பெரியவரிடம் போய்க் கேட்டேன். “எத்தனை பேருக்கு?” என்றார்கள். “அறுபது” என்றேன். அசருக்குப் பிறகு வரச் சொன்னார்கள். போனால், ஒரு பெரிய சட்டியில் ஊற்றி, மூடியைத் துணியால் இறுகக் கட்டி வைத்திருந்தார்கள். நானும் ஒரு நண்பனும் ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டு அதை பஸ்ஸில் ஏற்றினோம். மலாய் நண்பர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு “புபூர் மஸ்ஜித்!” என்றார்கள். நாங்கள் கஞ்சி என்கிறோம், அவர்கள் புபூர் என்கிறார்கள். சட்டி காலியாகப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு கழகக் கூட்டங்களில் எனக்குப் புரியாத இடத்தில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் சொல்லித் தருவார். என் மலாயும் மெல்ல மெல்லத் தேறியது.

இரண்டு மேசைக்கும் நடுவில் நிற்கிறோமே என்று நம் பிள்ளைகள் சங்கடப்படுவதுண்டு. அந்த நடு இடத்திலிருந்து இரண்டு பக்கமும் சட்டி தூக்கிக்கொண்டு போகலாம் என்பதை நான் அந்த நோன்பு மாதத்தில்தான் உணர்ந்தேன்.

இரண்டாம் ஆண்டு கலாசார மன்றத்தில் என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள். கடைக்காரர் மகன், கணக்கு வரும் என்று நினைத்தார்கள்.

எங்களுக்கு ஒரு மூத்த மாணவர் இருந்தார். மன்றத்தின் எல்லா வேலையும் அவர்தான். மேடைக்கு யாரிடம் கேட்க வேண்டும், விளக்குக்காரர் யார், எந்தச் சாப்பாட்டுக் கடையில் கடன் தருவார்கள் என்பதெல்லாம் அவர் தலையில் இருந்தது. எதைக் கேட்டாலும், “நீங்க விடுங்க, நான் பார்த்துக்கறேன்” என்பார். நாங்களும் விட்டுவிட்டோம். படிப்பு முடிந்து அவர் தேசிய சேவைக்குப் போய்விட்டார். தீபாவளி நிகழ்ச்சிக்குக் கொஞ்ச நாளே இருந்தபோது ஆடை, சலங்கை, விளக்கு எல்லாம் இருக்கும் அலமாரியைத் திறக்கப் போனோம். பூட்டியிருந்தது. சாவி எங்கே என்று ஒருவரை ஒருவர் பார்த்தோம். சாவி அவரோடு தெக்கோங் தீவுக்குப் போய்விட்டது. பயிற்சியின் தொடக்கக் காலம், அவரை வெளியே விடவில்லை. அவருடைய அம்மா வீடு முழுக்கத் தேடினார்கள். கிடைக்கவில்லை.

வேறு வழியில்லாமல் அவசர அவசரமாக ஆடைகளை வாடகைக்கு எடுத்தோம். 380 வெள்ளி. என் சேமிப்பிலிருந்து ரொக்கமாகக் கொடுத்தேன். அவசரத்தில் ரசீது வாங்கவில்லை. நிகழ்ச்சி நன்றாக முடிந்தது. பிறகு பணத்தைத் திரும்பக் கேட்டுக் கல்லூரியின் மாணவர் அலுவலகத்துக்குப் போனால், “ரசீது எங்கே?” என்றார்கள். இல்லை என்றேன். தர முடியாது என்றார்கள். அவர்கள் மேல் தவறில்லை. தவறு என் மேல்.

அப்போதுதான் அத்தாவிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அத்தா திட்டவில்லை. “ரசீது இல்லாத காசைக் கணக்கில் எழுத முடியாது. நம் கடையிலும் அப்படித்தான், உன் கல்லூரியிலும் அப்படித்தான்” என்றார்கள். பணம் தரவில்லை. சனிக்கிழமைகளில் கடையில் நின்று நானே சம்பாதித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆனால் போகும்போது ஒன்று கேட்டார்கள்: “அது சரி, அந்த அலமாரிக்கு ஏன் ஒரே ஒரு சாவி?”

என் மூன்று வருடப் படிப்பில் இவ்வளவு நல்ல கேள்வியை எந்த ஆசிரியரும் என்னிடம் கேட்டதில்லை.

பிறகு ஒரு வார இறுதியில் அந்த மூத்த மாணவர் மொட்டைத் தலையோடு வந்து சாவியைக் கொடுத்தார். கண் கலங்கியிருந்தது. மன்றத்தை அவரைப்போல நேசித்தவர் எங்களில் யாருமில்லை. மிகுந்த அன்பினால்தான் எல்லாவற்றையும் தானே சுமந்தார். அந்த அன்பினாலேயே அடுத்தவருக்குச் சொல்லித் தராமல் போனார்.

அந்த வாரமே ஒரு கோப்பு போட்டோம். எந்த வேலைக்கு யாரைக் கேட்க வேண்டும், எத்தனை வாரம் முன்பே கேட்க வேண்டும், போன வருடம் எவ்வளவு செலவு என்று வேலைக்கு ஒரு பக்கம். கடைசியில் “இந்த ஆண்டு செய்த தவறுகள்” என்று ஒரு பக்கம். அதில் முதல் வரி நான் எழுதியது: ரசீது இல்லை, 380 வெள்ளி. அடுத்த ஆண்டு என் பொறுப்பை ஒரு தங்கையிடம் கொடுக்கும்போது அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு மாதம் கணக்கு எழுத வைத்தேன். மாணவர் கழகத்தில் யாரும் மூன்று ஆண்டுக்கு மேல் இருக்க முடியாது. படிப்பு முடிந்தால் கிளம்ப வேண்டியதுதான். அதனால், வந்த நாளிலிருந்தே ஒப்படைப்பதை நினைத்துக்கொண்டு வேலை செய்தாக வேண்டும்.

பெரியவர்களே, இனி நான் சொல்லப்போவதை உங்கள் பிள்ளை பேசுவதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் சங்கத்துக்கு வயது ஐம்பது. அல்ஹம்துலில்லாஹ். இந்தச் செயலவையில் வயதில் இளையவன் நான்தான். எனக்கு முப்பத்தேழு. என்னை “இளைஞர் பிரிவு” என்று அழைக்கிறார்கள். தாடியில் நரை வந்துவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மை விட்டுப் பிரிந்த நம் பழைய செயலாளர் மாமா அவர்களை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். அல்லாஹ் அவர்களின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக. ஒவ்வொரு டிசம்பரிலும், பள்ளி திறக்கும் முன்பு, புத்தகத்துக்கும் சீருடைக்கும் சிரமப்படும் குடும்பங்களுக்கு அவர்களே வீடு தேடிப் போய் உறையைக் கொடுத்துவிட்டு வருவார்கள். மனு கிடையாது, பெயர்ப் பட்டியல் கிடையாது. வாங்குகிறவர் முகம் வாடக்கூடாது என்பதற்காக யாரிடமும் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் காலமான அடுத்த ஜனவரியில், சங்கத்தில் பணம் இருந்தது, கொடுக்க மனமும் இருந்தது. ஆனால் மூன்று குடும்பங்களுக்கு அது போய்ச் சேரவில்லை. அவர்கள் வந்து கேட்கவில்லை. கேட்கிற பழக்கமே அவர்களுக்கு இல்லை; தேடி வந்து கொடுத்தவர் ஒருவர் இருந்தார் அல்லவா? நமக்கு விஷயம் தெரிந்தது ஜூன் மாதத்தில்.

மாமா அவர்கள் செய்ததில் ஒரு குறையும் இல்லை. குறை நம்முடையது. “மாமா பார்த்துக்குவாங்க” என்று நாம் விட்டுவிட்டோம். அன்று எங்கள் மன்றத்தில் ஓர் அலமாரி பூட்டிக்கிடந்தது, நாங்கள் 380 வெள்ளி கொடுத்துத் தப்பித்தோம். இங்கே மூன்று வீட்டுப் பிள்ளைகள் பழைய சீருடையோடு பள்ளிக்குப் போனார்கள்.

பொறுப்பு ஓர் அமானிதம் என்று நாம் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறோம். அமானிதம் என்றால் கையில் பத்திரமாக வைத்திருப்பது மட்டுமா? உரியவரிடம் திரும்ப ஒப்படைப்பதும் சேர்ந்ததுதானே. குடும்பங்களின் பெயர் வெளியே தெரியக்கூடாது என்பது சரி. ஆனால் நம்பிக்கையான இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தாலும் இரகசியம் இரகசியம்தான். ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், அவரோடு அதுவும் போய்விடுகிறது.

நம் சமூகத்துக்கு இது புதிதல்ல. கடையநல்லூரிலிருந்து வந்து, தஞ்சோங் பகார் பக்கம் துறைமுகத்தில் உழைத்தவர்களின் சமூகம், கடையநல்லூர் முஸ்லிம் லீக் மூலம் 1946-இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. போர் முடிந்து ஓராண்டுகூட ஆகியிருக்குமா தெரியாது, அவ்வளவு சிரமமான காலம். 1960-இல் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1982 வரை நடந்தது. பிறகு அதே பெயரில் தமிழ்மொழி நிலையம் வந்தது. படிக்க வாய்ப்புக் கிடைக்காத பலர், தமக்குப் பின்னால் வருகிறவர்களுக்காகச் செய்த வேலை அது. அப்படிப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரிகளில் கழகம் நடத்துகிறார்கள். நம் சங்கத்துக்கு வந்தால் மட்டும் அவர்களுக்கு நாம் கொடுக்கும் வேலை தண்ணீர்ப் போத்தல் அடுக்குவதும் பிரியாணிப் பொட்டலம் நீட்டுவதும்தான். தண்ணீர் கொடுப்பது நன்மையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் கல்லூரியில் பல ஆயிரம் வெள்ளிக் கணக்கைப் பார்க்கும் பிள்ளைக்கு இங்கே கணக்குப் புத்தகத்தை நாம் காட்டியதுகூட இல்லை.

ஆகவே மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன்.

பெரியவர்களுக்கு ஒன்று. சங்கத்தின் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கை வேண்டும். ஒன்று அனுபவமுள்ள கை, இன்னொன்று இருபத்தைந்து வயதுக்குக் கீழே ஒரு கை. இந்த ஆண்டு சங்கத்தின் நோன்பு துறப்பு நிகழ்ச்சியை மாணவர்களிடம் முழுதாகக் கொடுங்கள். செலவுக் கணக்கோடு கொடுங்கள். நடுவில் எழுந்து போய்த் திருத்தாதீர்கள். ஐந்நூறு வெள்ளிக்குத் தவறு செய்யட்டும்; அந்தத் தொகைக்கு நான் பொறுப்பு. முடிந்த பிறகு உட்கார்ந்து கணக்குக் கேளுங்கள், விடாமல் கேளுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. கழகம், மன்றம் என்றால் நேரம் வீண், பழக்கம் கெட்டுவிடும் என்ற அச்சம் உங்களுக்கு இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். அந்தத் தீபாவளிப் பருவத்தில் என் மதிப்பெண் இறங்கியது. நிகழ்ச்சிக்குப் பிறகு நண்பர்கள் சில இடங்களுக்குக் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை. “வரலை” என்றால் விட்டுவிட்டார்கள், யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லப் பழகியதும் அங்கேதான். பிள்ளையிடம் எந்தக் கழகம், யார் யார் இருக்கிறார்கள், எத்தனை மணிக்கு முடியும் என்று கேளுங்கள். ஒரு தடவை நிகழ்ச்சிக்கு நேரில் போய்ப் பாருங்கள்.

பெண் பிள்ளைகளுக்காகவும் பேச வேண்டும். எனக்கு இரண்டு வருடம் பின்னால் என் தங்கையும் கல்லூரிக்குப் போனாள். சொற்போர்க் கழகத்தில் சேர ஆசைப்பட்டாள். எனக்கு இரவு ஒன்பது வரை அனுமதி, அவள் ஆறு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும். அவளுக்காக நான் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. நானே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். இன்று நம் மகளிர் பிரிவுக் கணக்கை அவள்தான் பார்க்கிறாள். போன ஆண்டு ஒரு திருத்தம்கூட இல்லாமல் தணிக்கை முடிந்த கணக்கு அது ஒன்றுதான். என் கணக்கில் மூன்று திருத்தம். அன்று வாய்ப்புக் கிடைத்திருந்தால் எப்படி வந்திருப்பாள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

மாணவர்களுக்கு ஒன்று. சான்றிதழில் எழுதுவதற்காக ஆறு கழகத்தில் பெயர் கொடுத்து ஆறிலும் முகம் காட்டாமல் இருக்காதீர்கள். ஒன்றில் சேருங்கள், கடினமான வேலையைக் கேட்டு வாங்குங்கள். கூட்டக் குறிப்பு எழுதுங்கள், ரசீதை உடனே வாங்குங்கள். வருகிற ஏப்ரலில் புதிய மாணவர்கள் வருவார்கள். இரண்டு மேசைக்கு நடுவே நம் பிள்ளை ஒன்று தயங்கி நிற்கும். போய் சலாம் சொல்லி, ஏதாவது ஒரு மேசைக்குக் கூட்டிப் போங்கள். நோன்பு மாதத்தில் உங்கள் கல்லூரியில் கஞ்சி வேண்டுமென்றால் சங்கத்துக்கு ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள். சட்டி தூக்க நான் வருகிறேன்.

நான் சொன்ன பிறைக் கணக்குப்படி 2037 வாக்கில் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் மறுபடி அடுத்தடுத்து வரும். என் மகளுக்கு அப்போது கல்லூரி வயது இருக்கும், இன்ஷா அல்லாஹ். அவள் சங்கத்துக்குத் தொலைபேசி செய்து, “அறுபது பேருக்குக் கஞ்சி வேண்டும்” என்று கேட்பாள். எடுத்துப் பேசுகிறவர் இன்று இந்தக் கூடத்தில் பரிசு வாங்க உட்கார்ந்திருக்கும் ஒருவராக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கடைசியாக ஒன்று. நம் அலுவலகப் பண்ட அறையின் சாவி நான்கு ஆண்டாக என்னிடம் இருக்கிறது. இந்த உரையை எழுத உட்கார்ந்த இரவில்தான் நினைவு வந்தது: அதற்கும் ஒரே ஒரு சாவிதான். ஊருக்கெல்லாம் சொல்ல வந்தவன் நிலைமை இது. நேற்று கடைக்குப் போய் இன்னொன்று செய்து வந்திருக்கிறேன். தலைவர் அவர்களிடம் அனுமதியும் வாங்கிவிட்டேன். இன்று பரிசு பெறுகிறவர்களில், தன் கல்லூரியில் கழகப் பொருளாளராக இருக்கும் மாணவி ஒருவர் இருக்கிறார். அவர் மேடைக்கு வந்து இதைப் பெற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். சாவி செய்த செலவு நான்கு வெள்ளி. ரசீது இதோ, சேர்த்தே கொடுக்கிறேன்.

நம் அமானிதங்களைப் பேணவும், உரியவரிடம் ஒப்படைக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.